வாக்காளரோடு வரும் துணையாளர்

கற்றல் நோக்கங்கள்

• வாக்குச்சாவடிக்குள் வாக்காளரோடு யார் யார் செல்லலாம் என்பதை அறிதல்.
• வாக்கின் மறைவைக் காக்கும் விதிகளையும் அவற்றின் காரணங்களையும் உணர்தல்.
• மூன்றாம் வேற்றுமையின் பொருள்களைப் பிழையின்றிப் பயன்படுத்துதல்.

1. ஊரும் வாக்காளரும்

கோலார் தங்கவயலின் பழைய பகுதிகளுள் ஒன்று ஊரிகம். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் இருப்புப்பாதையில் அது ஒரு நிலையமாகவும் விளங்குகிறது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலில் சுரங்கப் பணியை மேற்கொண்ட பின்னர், வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் பலர் குடும்பத்தோடு இங்கு வந்து குடியேறினர். அவர்கள் இறங்கி உழைத்த சுரங்கம் காலப்போக்கில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் தங்கவயல் மக்கள் பலர் நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூரு சென்று வேலை பார்த்துத் திரும்புகின்றனர். பகற்பொழுதில் பல வீடுகளில் முதியோரே இருக்கின்றனர்.

இம்முதியோருள் கண்பார்வை மங்கியோர் உண்டு. கைவிரல் இழந்தோர் உண்டு. பாறைத் தூசியைப் பல்லாண்டு சுவாசித்ததால் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய்க்கு ஆளாகி, பத்து அடி நடந்தாலும் மூச்சு வாங்குவோர் உண்டு. இவர்கள் அனைவரும் வாக்காளர்களே. கோலார் தங்கவயல் சட்டமன்றத் தொகுதியில் 2023 மே 10ஆம் நாளும், கோலார் மக்களவைத் தொகுதியில் 2024 ஏப்ரல் 26ஆம் நாளும் வாக்குப்பதிவு நடைபெற்றது. அத்தகைய நாள்களில் கண் மங்கிய முதியவர்க்கும் கால் தளர்ந்த மூதாட்டிக்கும் ஒரு துணை தேவைப்படுகிறது. அந்தத் துணை யாராக இருக்கலாம்? எதுவரை உடன் செல்லலாம்? எங்கே நின்றுவிட வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை கூறும் விதிகளையே இப்பாடம் விளக்குகிறது.

2. வாக்கு ஏன் மறைவாக இருக்க வேண்டும்?

துணையாளர் பற்றிய விதிகளை அறியுமுன், வாக்கு மறைவாகச் செலுத்தப்படுவதன் காரணத்தை அறிதல் வேண்டும்.

பிரிட்டனில் 1872ஆம் ஆண்டு வரை நாடாளுமன்றத் தேர்தலில் மறைவாக வாக்களிக்கும் முறை இல்லை. வாக்காளர் பலர் முன்னிலையில் தாம் விரும்பும் வேட்பாளரின் பெயரை வெளிப்படையாகக் கூற வேண்டும். நிலக்கிழாரின் நிலத்தை உழுபவர், அந்த நிலக்கிழாரின் காது கேட்கும் இடத்தில் நின்று, அவர் விரும்பாத பெயரைக் கூற இயலுமா? அச்சத்தைப் போக்கவே 1872இல் மறைவாக்குச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் பான்டிஃபிராக்ட் என்னும் ஊரில் நடைபெற்ற இடைத்தேர்தலில் மக்கள் முதன்முறையாக மறைவாக வாக்களித்தனர். அதிமதுர மிட்டாய்க்குப் பெயர்பெற்ற ஊர் அது. அங்கு வாக்குப்பெட்டியின் அரக்கின்மேல் வைக்கப்பட்ட முத்திரையும் அம்மிட்டாயில் பதிக்கும் முத்திரையே ஆகும்.

விடுதலை பெற்ற இந்தியாவில் 1951–52இல் நடைபெற்ற முதல் பொதுத்தேர்தலிலேயே மறைவாக வாக்களிக்கும் முறை பின்பற்றப்பட்டது. ஒவ்வொரு வேட்பாளர்க்கும் தனித்தனிப் பெட்டி. ஒவ்வொரு பெட்டியின்மீதும் ஒரு சின்னம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பிறர் உதவியின்றித் தாம் விரும்பிய பெட்டியை அடையாளம் கண்டு வாக்குச்சீட்டை இட்டனர்.

தங்கவயல் போன்ற ஊரில் வாக்கின் மறைவுக்கு மிகுந்த மதிப்பு உண்டு. சுரங்கம் இயங்கிய காலத்தில் ஒரு தொழிலாளியின் கூலி, குடியிருக்கும் வீடு, நோயுற்றால் செல்லும் மருத்துவமனை ஆகியவை ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருந்தன. பலவகையிலும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்க்கு, வாக்களிக்கும் இடத்தில் உள்ள அட்டை மறைப்பு ஒரு கோட்டைச் சுவருக்கு ஒப்பாகும். அதற்குப் பின்னால் அவர் எவர்க்கும் கடமைப்பட்டவர் அல்லர்.

அந்த மறைப்புக்குப் பின்னால் வாக்காளரோடு இன்னொருவரும் சென்றால், காக்கப்பட்ட மறைவு ஓரளவு திறந்துவிடுகிறது. செல்லவில்லையாயின், பார்வையற்றவர் வாக்களிக்கவே இயலாமற் போகலாம். இந்த இருவகை இழப்புக்கும் இடையே வழி காண்பனவே துணையாளர் பற்றிய விதிகள்.

3. மூன்று எல்லைகள்

வாக்காளரோடு வருபவர் கடக்கக்கூடிய எல்லைகள் மூன்று. இவற்றைப் பிரித்தறிந்தால் விதிகள் எளிதில் விளங்கும்.

முதல் எல்லை, வாக்குச்சாவடியின் வாயில். அதுவரை மகனும் வரலாம், பேத்தியும் வரலாம், அண்டை வீட்டாரும் வரலாம். வாக்குப்பதிவு நாளில் சாவடியிலிருந்து நூறு மீட்டர் தொலைவுக்குள் எவரும் வாக்குச் சேகரித்தல் கூடாது.

இரண்டாம் எல்லை, சாவடியின் உள்ளிடம். இங்கு நுழையக்கூடியோர் யாவர் என்பதை 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தும் விதிகளுள் 49-டி என்னும் விதி வரையறுக்கிறது. வாக்காளர், தேர்தல் அலுவலர், பணியிலுள்ள அரசு ஊழியர், தேர்தல் ஆணையத்தின் அனுமதி பெற்றோர், வேட்பாளர், அவருடைய முகவர் ஆகியோர் நுழையலாம். வாக்காளரின் கைக்குழந்தையும் நுழையலாம். பிறர் உதவியின்றி நடமாட இயலாத பார்வையற்றவரையோ உடல்நலிவுற்றவரையோ அழைத்து வருபவரும் நுழையலாம்.

மூன்றாம் எல்லை, வாக்களிக்கும் இயந்திரம் வைக்கப்பட்டுள்ள மறைப்பு. இதுவே கடுமையான எல்லை. இதனைக் கடக்கும் துணையாளர்க்குரிய நிபந்தனைகளை 49-என் என்னும் விதி கூறுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு காணலாம். சிலிகோசிஸ் நோயால் மூச்சு வாங்கும் முதியவர் ஒருவரை அவர் மகன் தாங்கிப் பிடித்து அழைத்து வருகிறான். அவன் இரண்டாம் எல்லையைக் கடந்து சாவடிக்குள் வரலாம். ஆனால் முதியவரின் கண் சின்னத்தைக் காண்கிறது. விரல் பொத்தானை அழுத்துகிறது. ஆதலால் மகன் மறைப்புக்கு வெளியே நின்றுவிட வேண்டும். கால் தளர்ந்தவர்க்கு மகனின் தோள் போதும். மகனின் கண் வேண்டா.

4. விதி 49-என் கூறுவன

(அ) பார்வையின்மையாலோ பிற உடல்நலிவாலோ, இயந்திரத்தில் உள்ள சின்னங்களை அறியவோ பொத்தானை அழுத்தவோ ஒருவர்க்கு இயலாதிருத்தல் வேண்டும். அதனை வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் ஏற்று அனுமதி அளித்தல் வேண்டும்.

(ஆ) துணையாளர் பதினெட்டு வயதுக்குக் குறையாதவராக இருத்தல் வேண்டும். அவர் உறவினராக இருத்தல் வேண்டும் என்று விதி கூறவில்லை.

(இ) துணையாளர் வாக்காளரின் சார்பில், வாக்காளரின் விருப்பப்படியே வாக்கைப் பதிவு செய்தல் வேண்டும்.

(ஈ) ஒருவர் ஒரே நாளில் ஒரு வாக்காளர்க்கு மட்டுமே துணையாளராகச் செயற்படலாம். வேறொரு சாவடிக்குச் சென்று இன்னொருவர்க்குத் துணையாளர் ஆகவும் இயலாது.

(உ) தாம் பதிவு செய்யும் வாக்கை வெளியிடமாட்டேன் என்றும், அன்றைய நாளில் வேறெவர்க்கும் துணையாளராகச் செயற்படவில்லை என்றும் துணையாளர் முன்னதாக உறுதி கூறுதல் வேண்டும்.

(ஊ) இவ்வாறு வாக்களித்தவர் பெயரும் அவருடைய துணையாளர் பெயரும் 14-ஏ என்னும் படிவத்தில் எழுதப்படுதல் வேண்டும்.

5. நிபந்தனைகளின் காரணங்கள்

ஒவ்வொரு நிபந்தனையும் ஒரு தீங்கைத் தடுக்கிறது.

ஒருவர் எத்தனை பேர்க்கு வேண்டுமானாலும் துணையாளர் ஆகலாம் என்றால் என்ன நிகழும்? ஒரு தெருவில் உள்ள முதியோர் அனைவரையும் ஒரே மனிதர் அழைத்து வந்து, ஒவ்வொருவர்க்காகவும் தாமே பொத்தானை அழுத்திவிடக்கூடும். இருபது வாக்குகள் ஒருவர் கைக்குள் போய்விடும். ஒரு நாளில் ஒருவர்க்கே துணை என்னும் வரம்பு அதனைத் தடுக்கிறது. அவ்வரம்பு மீறப்படாதிருக்கவே துணையாளரின் பெயரும் பதிவு செய்யப்படுகிறது.

மறைவு காக்கும் உறுதிமொழி வாக்களித்த பின்னும் நீடிக்கிறது. பாட்டி எச்சின்னத்திற்கு வாக்களித்தார் என்பதைத் துணையாளர் வாயிலில் நிற்பவரிடமும் சொல்லக்கூடாது. வீட்டில் உள்ளவரிடமும் சொல்லக்கூடாது. அந்த மறைவு வாக்காளர்க்கு உரியது. துணையாளர் அதனைக் காப்பவரே அன்றி உரிமையாளர் அல்லர்.

வயது வரம்புக்கும் காரணம் உண்டு. 1989 வரை இந்தியாவில் வாக்களிக்கும் வயது இருபத்தொன்றாக இருந்தது. அரசியலமைப்பின் 61ஆம் திருத்தத்தால் அது பதினெட்டு ஆயிற்று. தம் வாக்கைத் தாமே செலுத்தும் வயதை அடையாதவரிடம், இன்னொருவர் வாக்கை ஒப்படைத்தல் பொருந்தாது. மேலும், ஒரு சிறுவனை வற்புறுத்தி உண்மையைக் கேட்டறிதல் பெரியவர்க்கு எளிது.

பழந்தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்வில் ஒரு சிறுவனுக்கு முதன்மையான இடம் இருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. தகுதியுடையோர் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஏதும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். குடவோலையில் தேவைப்பட்டது விருப்பம் இல்லாத கை. அதனால் சிறுவன் பொருத்தமானவன் ஆனான். இன்றைய தேர்தலில் தேவைப்படுவது பிறர் விருப்பத்தை அறிந்து, அதனை மாற்றாமல் பதிவு செய்து, பின்னர் வெளியிடாமல் காக்கும் பொறுப்பு. அதனால் வயது கேட்கப்படுகிறது.

6. படிக்கத் தெரியாமை காரணமாகுமா?

தங்கவயலில் பிறந்து வளர்ந்த தமிழ் முதியோருள் கன்னட எழுத்தைப் படிக்க இயலாதோர் உள்ளனர். எந்த எழுத்தையும் கல்லாதோரும் உள்ளனர். இவர்கள் துணையாளரை மறைப்புக்குள் அழைத்துச் செல்லலாமா?

செல்ல இயலாது. விதி கூறும் காரணங்கள் பார்வையின்மையும் உடல்நலிவும் மட்டுமே. எழுத்தறியாமையும் மொழியறியாமையும் அவற்றுள் அடங்கா. எழுத்தறியாதவர்க்காகவே சின்னங்கள் உருவாயின. 2015 முதல் இயந்திரத்தில் ஒட்டப்படும் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் நிழற்படமும் இடம்பெறுகிறது. சின்னத்தையும் முகத்தையும் காண்பதற்கு மொழி தேவையில்லை. இவ்விதி ஒருவகையில் முதியோர்க்குப் பாதுகாப்பும் ஆகிறது. ‘உனக்குப் படிக்கத் தெரியாது; நான் உடன் வருகிறேன்’ என்று கூறி எவரும் அவர்களோடு மறைப்புக்குள் நுழைய இயலாது.

7. உரையாடல்

(மாலை நேரம். ஆயா திண்ணையில் அமர்ந்திருக்கிறார். அவர் கண்ணழுத்த நோயால் இரு கண்களிலும் பார்வை இழந்தவர். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் பேத்தி அருகில் அமர்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள்.)

ஆயா : கண்ணு, ஓட்டுப் போடும் நாளில் நீயே என்னைக் கூட்டிக்கொண்டு போ. நான் சொல்லும் சின்னத்தைப் பார்த்து அழுத்திவிடு.

பேத்தி : எனக்குப் பதினான்கு வயதுதானே ஆயா! பதினெட்டு வயது நிறைந்தவர்தாம் உள்ளே வந்து அழுத்தலாம்.

ஆயா : அப்படியானால் பக்கத்து வீட்டு அத்தையைக் கேட்கட்டுமா?

பேத்தி : அத்தை அவர் மாமியாருக்குத் துணையாகப் போகிறார். ஒரு நாளில் ஒருவருக்குத்தான் துணை போக முடியும்.

ஆயா : (சற்று நேரம் பேசாமல் இருந்து) மிச்சம் உன் அப்பன்தான்.

பேத்தி : அப்பாவுக்கு அன்று சம்பளத்தோடு விடுமுறை. பெங்களூருக்குப் போக மாட்டார். அப்பாவே வரட்டுமே.

ஆயா : வரட்டும். ஆனால் அவன் சின்னம் வேறு, என் சின்னம் வேறு. நான் சொன்னதைத்தான் அழுத்தினான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பேத்தி : ஆயாவின் விருப்பப்படிதான் அழுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது.

ஆயா : விதி இருக்கட்டும். மறைப்புக்குப் பின்னால் விதியா வந்து நிற்கும்? நானும் அவனும்தானே நிற்போம்?

பேத்தி : (யோசித்து) ஆயா, இட்லித் தட்டில் எந்தக் குழியில் மாவு ஊற்றவில்லை என்று எப்படித் தெரிகிறது?

ஆயா : விரலால் தடவினால் தெரியாதா?

பேத்தி : இயந்திரத்திலும் பொத்தான்கள் மேலிருந்து கீழாக வரிசையாகத்தான் இருக்கும். வேட்பாளர் பட்டியல் வந்ததும் எல்லாப் பெயரையும் சின்னத்தையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டுகிறேன். ஆயா விரும்புவது எத்தனையாவது என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். எனக்குக்கூடச் சொல்ல வேண்டாம்.

ஆயா : உன் அப்பன்?

பேத்தி : அப்பா மறைப்பு வரை கையைப் பிடித்துக் கூட்டி வருவார். அதற்குமேல் ஆயாவின் விரல்தான்.

ஆயா : (சிரித்து) ஓர் அட்டையில் சட்டைப் பொத்தான்களை வரிசையாகத் தைத்துக் கொடு கண்ணு. இன்றைக்கே பழகிக்கொள்கிறேன்.

8. துணையின்றி வாக்களித்தல்

பேத்தி கூறிய வழி விதிக்கு உட்பட்டதே. பார்வையற்றவர் தாமே பொத்தானை அழுத்த இயலுமாயின், துணையாளர் மறைப்புவரை மட்டுமே வரலாம், உள்ளே செல்லலாகாது. பார்வையற்றோர் அனைவர்க்கும் மறைப்புக்குள் துணை தேவை என்று எண்ணுதல் பிழை.

இதற்கு உதவும் வசதிகளும் உள்ளன. வாக்களிக்கும் கருவியில் ஒவ்வொரு பொத்தானுக்கும் அருகில் வேட்பாளரின் வரிசை எண் பிரெயில் புள்ளிகளால் பொறிக்கப்பட்டுள்ளது. வேட்பாளர் பெயர்களைப் பிரெயிலில் கொண்ட மாதிரி வாக்குச்சீட்டும் சாவடியில் வைக்கப்படுகிறது. பிரெயில் கற்றவர் அச்சீட்டைத் தடவிப் படித்து, எண்ணை நினைவில் கொண்டு, கருவியில் அதே எண்ணைத் தேடி அழுத்தலாம். வாக்குப் பதிவானதும் எழும் நீண்ட ஒலியைக் கேட்டு, தம் வாக்குப் பதிவாகிவிட்டது என்று அறியலாம். ஆயினும், தாளில் அச்சாகிக் கண்ணாடி வழியே ஏழு நொடிகள் தோன்றும் சரிபார்ப்புச் சீட்டைப் பார்வையற்றவர் காண இயலாது. இக்குறை இன்னும் நீங்கவில்லை.

வீட்டை விட்டு வெளியே வர இயலாதவர்க்கு இன்னொரு வழி உண்டு. 2023இல் நடைபெற்ற கர்நாடகச் சட்டமன்றத் தேர்தலில், எண்பது வயதைக் கடந்தவர் வீட்டிலிருந்தே அஞ்சல் வாக்களிக்கும் வசதியைப் பெற்றனர். 2024 மார்ச்சு மாதம் இவ்வயது வரம்பு எண்பத்தைந்தாக உயர்த்தப்பட்டது. நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத மாற்றுத்திறன் உடையோரும் இவ்வசதியைப் பெறலாம். விரும்புவோர் 12-டி என்னும் படிவத்தில் உரிய காலத்திற்குள் விண்ணப்பித்தல் வேண்டும். தேர்தல் அலுவலர் குழு வீட்டிற்கே வந்து வாக்கைப் பெற்றுச் செல்லும். அங்கும் வாக்கின் மறைவு காக்கப்பட வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் சட்டம், 2016 வாக்குச்சாவடிகள் அனைத்தும் அவர்கள் அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்கிறது. சாய்தளமும் சக்கர நாற்காலியும் இருந்தால், பிறர் தூக்கிச் செல்ல வேண்டிய தேவை குறைகிறது. துணை குறையக் குறைய மறைவு வளர்கிறது.

9. பிற நாடுகளில்

ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த உடன்படிக்கை, வாக்களிப்பதற்குத் தேவையான உதவியை அவர்கள் தாமே தேர்ந்தெடுக்கும் ஒருவரிடமிருந்து பெறலாம் என்கிறது. இந்தியா 2007இல் அதனை உறுதி செய்தது.

அமெரிக்காவில் 1982இல் வாக்குரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி, பார்வையற்றவரும் மாற்றுத்திறனாளியும் எழுதப் படிக்க இயலாதவரும் தாம் விரும்பும் ஒருவரின் உதவியைப் பெறலாம். ஆனால் இருவகையினர் துணையாளராக வருதல் கூடாது. ஒருவகையினர், வாக்காளர்க்கு வேலை தரும் முதலாளியும் அவருடைய ஆளும். மற்றொரு வகையினர், வாக்காளர் சார்ந்த தொழிற்சங்கத்தின் பொறுப்பாளரும் அதன் ஆளும். சுரங்கமும் சங்கமும் வாழ்வின் இரு கரைகளாக இருந்த தங்கவயலின் பிள்ளைகளுக்கு இவ்விலக்கின் காரணம் எளிதில் விளங்கும். கூலி தருபவர் முன்னிலையிலும், போராட்டத்தை வழிநடத்துபவர் முன்னிலையிலும் ‘எனக்கு வேறு விருப்பம் உண்டு’ என்று கூறுதல் எளிதன்று.

இந்திய விதியில் இவ்விலக்கு இல்லை. எழுத்தறியாதவர்க்குத் துணையாளரை அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. இந்திய விதி அனுமதிக்கவில்லை. இரு நாடுகளும் வெவ்வேறு வழிகளில் சென்றாலும், வாக்காளரின் விருப்பம் வாக்காளர்க்கே உரியதாக இருத்தல் வேண்டும் என்பதே இரண்டின் நோக்கமும் ஆகும்.

சொற்பொருள்

ஆயா – பாட்டி (வடதமிழ்நாட்டிலும் தங்கவயலிலும் வழங்கும் உறவுச்சொல்)
இருப்புப்பாதை – தொடர்வண்டி செல்லும் தண்டவாளப் பாதை
உடல்நலிவு – உடல் உறுப்பின் இயலாமை, தளர்ச்சி
சாய்தளம் – படிக்கு மாற்றாக அமைக்கப்படும் சரிவான வழி
குடவோலை – குடத்தில் இட்ட ஓலையை எடுத்து உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறை
விலக்கு – கூடாது என்று நீக்குதல்

இலக்கணம் : மூன்றாம் வேற்றுமை

மூன்றாம் வேற்றுமையின் உருபுகள் ஆல், ஆன், ஒடு, ஓடு என்பன. கொண்டு, உடன் என்பன சொல்லுருபுகளாக வரும். இவ்வேற்றுமை கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்னும் பொருள்களைத் தரும்.

கருவி : ஆயா விரலால் பொத்தானை அழுத்தினார்.

கருத்தா இருவகைப்படும். ஒரு செயலைச் செய்யுமாறு பிறரை ஏவுபவர் ஏவுதற் கருத்தா. தாமே செய்பவர் இயற்றுதற் கருத்தா.

கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது – ஏவுதற் கருத்தா.
தொழிலாளரால் கல்லணை கட்டப்பட்டது – இயற்றுதற் கருத்தா.

பார்வையற்ற வாக்காளர் சின்னத்தைக் கூற, துணையாளர் பொத்தானை அழுத்துகிறார். இங்கு வாக்காளர் ஏவுதற் கருத்தா. துணையாளர் இயற்றுதற் கருத்தா. அணையைக் கட்டிய கைகள் பல்லாயிரம் ஆயினும், அதனைக் கரிகாலன் கட்டியதாகவே உலகம் கூறுகிறது. அவ்வாறே, அழுத்தியது எவர் விரலாயினும் வாக்கு வாக்காளருடையதே.

உடனிகழ்ச்சி : வாக்காளரோடு துணையாளர் வந்தார்.

இருவர் ஒரு செயலைச் சேர்ந்து செய்யும்போது, அவருள் உயர்ந்தவராகக் கருதப்படுபவர் பெயரோடு ‘ஒடு’ சேரும் என்பது தொல்காப்பியம் கூறும் மரபு. ‘ஆசிரியரோடு மாணவர் வந்தனர்’ என்பதில் ஆசிரியர்க்கு முதன்மை. அம்மரபின்படி ‘வாக்காளரோடு துணையாளர் வந்தார்’ என்பதே பொருத்தமான தொடர். வந்த காரியத்தில் முதன்மை வாக்காளர்க்கே உரியது.

பயிற்சி

அ. ஓரிரு தொடரில் விடை எழுதுக.

1. 49-டி, 49-என் ஆகிய விதிகள் முறையே எவ்வெல்லைகளைப் பற்றியன?
2. துணையாளர் கூற வேண்டிய உறுதிகள் இரண்டினை எழுதுக.
3. குடவோலை எடுக்கச் சிறுவன் அமர்த்தப்பட்டது ஏன்?
4. அமெரிக்கச் சட்டம் யார் யாரைத் துணையாளராக ஏற்கவில்லை?

ஆ. பின்வரும் நிகழ்வுகளில் விதி அனுமதிக்குமா? காரணம் தருக.

1. இரு கைகளும் நடுங்கிப் பொத்தானை அழுத்த இயலாத முதியவரோடு, பத்தொன்பது வயதுப் பேரன் மறைப்புக்குள் செல்ல விரும்புகிறான்.
2. கன்னடம் படிக்கத் தெரியாத, கண்பார்வை நன்கு உள்ள மூதாட்டியோடு அவர் மருமகள் மறைப்புக்குள் செல்ல விரும்புகிறார்.
3. காலையில் தம் தாய்க்குத் துணையாளராக இருந்தவர், மாலையில் வேறொரு சாவடியில் தம் மாமாவுக்குத் துணையாளராக வருகிறார்.
4. ஆறு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் வாக்களிக்க வருகிறார்.
5. துணையாளராகச் சென்று திரும்பிய ஒருவர், ‘அப்பா யாருக்கு வாக்களித்தார்?’ என்று வீட்டார் கேட்க, விடை கூறிவிடுகிறார்.

இ. தடித்துச் சுட்டாமலேயே மூன்றாம் வேற்றுமைச் சொல்லைக் கண்டறிந்து, அதன் பொருளை எழுதுக.

1. பேத்தி ஊசியால் பொத்தான்களைத் தைத்தாள்.
2. தாயோடு மகள் சாவடிக்கு வந்தாள்.
3. சோழனால் கோயில் கட்டப்பட்டது.
4. அலுவலரால் படிவம் எழுதப்பட்டது.

ஈ. சிந்தித்து எழுதுக.

‘மறைப்புக்குப் பின்னால் விதியா வந்து நிற்கும்?’ என்று ஆயா கேட்டதற்கு, ஆயாவின் மகன் அங்கிருந்திருந்தால் என்ன விடை கூறியிருப்பார்? ஆயாவும் மகனும் பேசுவதாக எட்டுத் தொடர்களில் உரையாடல் எழுதுக.

உ. செயல்பாடு

வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் பேசி, அவருடைய வாக்குச்சாவடி எது, அங்குச் சாய்தளம் உள்ளதா, அவர்க்குத் துணை எதுவரை தேவை என்பவற்றைக் கேட்டறிந்து எழுதுக. அவர் யாருக்கு வாக்களித்தார் என்று மட்டும் கேட்கலாகாது.